செரிமான உருண்டை

“...சாமிதான் வந்துச்சு டாக்டர். காலைல இட்லி, மத்தியானம் கறிச்சோறு. வேற ஒண்ணும் அவன் வாயில வைக்கல.”

சொன்னவள் என் சித்தி மகள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவன் அவளுடைய ஒரே மகன், பதினோராம் வகுப்பு படிக்கிறவன். நெற்றி முழுக்கத் திருநீறு, சட்டை முழுக்க வாந்தி. கண்ணைத் திறப்பான், மேலே எதையோ பார்த்துப் பயந்து மூடிக்கொள்வான். நெஞ்சு அடித்துக்கொள்வது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. உள்ளே என்ன போயிருக்கிறது என்று தெரியாமல் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் விடுவது என்று கேட்டார். இவள் அதே பதிலைத்தான் திரும்பச் சொன்னாள். பக்கத்தில் நின்ற அவள் கொழுந்தன், சரியாகச் சொன்னாய் என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

இந்தக் கொழுந்தனுக்குப் பழங்காநத்தத்தில் பெட்டிக்கடை. பேச்சுக்காரன். அவன் வாயைக் கேட்பதற்காகவே நான் வேண்டாத மிட்டாயெல்லாம் வாங்கியிருக்கிறேன். “வாங்கக்கா, ஒங்க மொகத்தப் பாத்தா பழைய பாக்கிகூட வசூலாகுது” என்பான். அப்படி ஒரு வாய். அந்த வாய்தான் ஒரு வருசமாக, கடை வாசலில் ஷாம்புப் பாக்கெட் பக்கத்தில் சரம் சரமாகத் தொங்கிய பச்சை நிறப் பொட்டலங்களை விற்றது. உள்ளே கறுப்பாக, திராட்சை வற்றல் அளவில் ஓர் உருண்டை. எழுத்தெல்லாம் இந்தியில் இருக்கும். ஆயுர்வேதம் என்ற ஒரு சொல் மட்டும் தமிழில். பெரியவர்களிடம் செரிமானத்துக்கு என்பான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்களிடம் ஒன்றும் சொல்ல மாட்டான். சொல்ல வேண்டியதில்லை, அவர்களே கேட்டு வாங்கினார்கள்.

அதில் அரைத்துச் சேர்த்திருப்பது கஞ்சா இலை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் அது நல்ல வஸ்து இல்லை என்பது எனக்கு முன்னமே பட்டிருந்தது. வாங்கித் தின்ற பையன்கள் கடைக்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து, எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். இவன் அதையும் பார்த்துக்கொண்டே அடுத்த சரத்தைத் தொங்கவிடுவான்.

என் சித்தி மகளுக்குத் திருநகரில் வீடு. சின்ன வயசிலிருந்தே அவள் மகன் சாப்பாட்டுக்குச் சண்டித்தனம் செய்கிறவன். ஒரு தோசைக்கு ஒரு மணி நேரம் கெஞ்ச வேண்டும். அப்படிப்பட்ட பையன் திடீரென்று சட்டியை வழித்துத் தின்ன ஆரம்பித்தான், டிவி பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். என்ன மந்திரம் என்று அவள் கேட்க, சித்தப்பா கடை உருண்டை என்று அவனும் மறைக்காமல் காட்டியிருக்கிறான். அன்றிலிருந்து மாதச் சாமானோடு அவளே வாங்கிவைக்க ஆரம்பித்துவிட்டாள். நான் ஒரு முறை அவன் கண் சிவந்திருக்கிறதே என்று கேட்டதற்கு, “பிள்ள இம்புட்டுச் சாப்பிடுறதப் பாத்து நீயே கண்ணு வைக்காதக்கா” என்று சிரித்தாள். பரீட்சையில் மதிப்பெண் குறைந்தது, பகலெல்லாம் தூங்கினான். அதையெல்லாம் வளர்கிற வயசு என்ற கணக்கில் தள்ளிவிட்டாள். அவள் புருசனோ, சாராயமும் சிகரெட்டும் இல்லாத பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமை பேசினார்.

அன்றைக்குக் கீழக்குயில்குடிப் பக்கம், அவர்கள் பங்காளிகளின் கருப்பசாமிக்குக் கிடா வெட்டு. நானும் போயிருந்தேன். கறிச்சோறு முடிந்ததும் வெற்றிலைத் தாம்பாளம் சுற்றி வந்தது. அதில் பாக்கோடும் சீரக மிட்டாயோடும் இந்த உருண்டைகளையும் குவித்துவைத்திருந்தான் கொழுந்தன். தன் உபயமாம். பையன் வீட்டிலேயே ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தவன், தாம்பாளத்திலும் கை நிறைய அள்ளினான். யாரும் தடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் சிரித்தான். பிறகு உடம்பு உதற ஆரம்பித்தது. கண் ரத்தமாகச் சிவந்து மேலே செருகியது. அந்தக் கோயிலில் பழைய சாமியாடி இறந்துபோன பிறகு யார் மேலும் சாமி இறங்கவில்லை. வருசா வருசம் உடுக்கடித்துப் பார்த்து ஏமாந்துகொண்டிருந்த கூட்டம் அது. ஒரு கிழவர் “கருப்பன் வந்துட்டான்டா” என்றதுதான் தாமதம், குலவை எழுந்துவிட்டது. குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். மாலை போட்டார்கள். நிற்க முடியாத பையனை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து, அவன் கையில் அரிவாளைத் திணித்தார்கள். வரிசையாக வந்து காலில் விழுந்தார்கள். ஒருத்திக்கு மகள் கல்யாணம், ஒருவருக்குக் கோர்ட்டுக் கேசு. கொழுந்தன் விழுந்து எழுந்து, கடையைப் பெரிதாக்கலாமா சாமி என்று கேட்டான். தன் சரக்கிடமே வாக்குக் கேட்டான் அந்த மனுசன்.

பையன் நாக்கு வறண்டு, “தண்ணி... அம்மா, தண்ணி” என்றான். போர் போட்டால் தண்ணீர் வரும் என்று சாமி சொல்லிவிட்டதாக ஒருவர் விளக்கம் சொன்னார். கும்பிட்ட கைகளுக்கு நடுவே அவன் அம்மாவைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள், சந்தோசத்தில். இத்தனை வீட்டுப் பிள்ளைகள் இருக்க, தன் பிள்ளையைச் சாமி எடுத்துக்கொண்டது என்று.

வாந்தி எடுத்து அவன் பேச்சுமூச்சில்லாமல் சரிந்த பிறகும், சாமி மலையேறுகிறது என்றுதான் சொன்னார்கள். நானும் என்னைக் கூட்டிவந்த ஆட்டோக்காரரும்தான் கூட்டத்தை விலக்கித் தூக்கினோம்.

இப்போது கட்டில் பக்கத்தில் நின்று அவள் மூன்றாவது முறையாகச் சாமி என்றாள். அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். “நீ சொல்றியா, நான் சொல்லவா?”

கொழுந்தன் முந்திக்கொண்டான். குரலில் அதே கடைத் தேன். “அக்கா, சாமி காரியத்துல குறுக்க பேசாதீங்க. நான் என்ன கஞ்சாவா வித்தேன்? கடையில பகிரங்கமா விக்கிற மருந்து. பில்லு இருக்கு, லேபிள் இருக்கு. மதினி, நீங்க சொன்னதே சரி. ஊரே ஒங்க பிள்ளையக் கும்பிட்டுருச்சு, அதக் கெடுத்துக்காதீங்க.”

டாக்டரம்மா யாரையும் அதட்டவில்லை. தாயின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். பையனுக்கு மறுபடி ஓங்கரித்தது, வெறும் நுரை வந்தது. என் சித்தி மகள் அவன் வாயைத் தன் முந்தானையால் துடைத்தாள். துடைத்த துணியை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பாமல் கைப்பையைத் திறந்து, கோயிலுக்கென்று அவள் கொண்டுவந்திருந்த பச்சைச் சரத்தில் மிச்சமிருந்ததை உருவி, டாக்டரம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.