பின்னோக்கி வந்த எண்ணெய்க் கோச்சி

சுரங்கத்துக்குள் போவோம் என்று சொன்னது நான்தான். அதில் வேறு யார்மேலும் பழி போட எனக்கு வாய் வராது.

சூறாவளி மழை மூன்றாம் நாளும் விடவில்லை. தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மேட்டில் விழுந்த வெடிப்பு அடுப்படித் தரைவரை வந்துவிட்டது. பதுளை ரோட்டை மண்சரிவு மூடிவிட்டது. பக்கத்தில் உறுதியாக இருந்தது ரயில் சுரங்கம் ஒன்றுதான். பயணிகள் ரயில், எங்கள் பேச்சில் கோச்சி, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். காலையில் ஒரு எண்ணெய்க் கோச்சி, பதுளையில் எண்ணெயை இறக்கிவிட்டு வெறும் தாங்கிகளோடு மேலே ஏறியதை நாங்களே பார்த்தோம். போன கோச்சி போனதுதான், இனி என்ன வரப்போகிறது என்றேன். லயத்துச் சனம் எல்லாரும் தலையாட்டினார்கள்.

என் புருஷனுக்கு மட்டும் இஷ்டமில்லை. மரத்திலிருந்து விழுந்து, தொடைவரை மாவுக்கட்டுப் போட்டிருந்தார்.

“செத்தாலும் லயத்துலயே சாவுறேன். என்னைய அந்தப் பொந்துக்குள்ள கொண்டு போகாத.”

“வாய மூடிக்கிட்டு வாங்க. புள்ள பயப்படுது!”

பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் நாலு பேர் அவரைக் கம்பளியில் போட்டுத் தூக்கி வந்து, சாரல் அடிக்காத நடுச் சுரங்கத்தில் கிடத்தினார்கள்.

மத்தியானம் இருக்கும். தண்டவாளத்தில் கை வைத்திருந்த மகள், “அம்மா, துடிக்குது” என்றாள். நானும் தொட்டுப் பார்த்தேன். மேல்வாசலின் வெளிச்சத்தைக் கறுப்பாக ஏதோ அடைத்தது. விசில் கேட்டது. மேலே மண்சரிவில் வழி அடைபட்டு, அந்த எண்ணெய்க் கோச்சி கடைசிப் பெட்டி முன்னால் வர, பின்னுக்கே இறங்கி வந்துகொண்டிருந்தது.

ஐயோ, என்ன ஓட்டம்! மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டை தடுக்கி விழுந்தேன், எழுந்து ஓடினேன். வெளியே மழை முகத்தில் அடித்தபோதுதான் புருஷன் நினைவு வந்தது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். ஓடும்போதே நினைவு வந்தது. நான் திரும்பவில்லை.

பிரேக் கிறீச்சிட்டு, சுரங்க வாசலைத் தாண்டிக் கடைசிப் பெட்டி நின்றது. மற்றதெல்லாம் உள்ளே இருந்தது. லாம்போடு இறங்கிய கார்டு, உள்ளே யாரும் இருக்கிறார்களா என்று சிங்களத்தில் கேட்டார். மகள்தான், “அப்பா” என்றாள்.

கார்டு லாம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார், நான் பின்னால் போனேன். பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் இடம்தான். மண்ணெண்ணெய் வாடை குமட்டியது. ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் பார்த்தேன். கம்பளி ஒரு சக்கரத்தில் சுற்றிக் கிடந்தது. அதற்குப் பிறகு நான் நடந்தேனா, என்னை யாராவது நடத்தினார்களா, தெரியாது.

சுவரில் ஆள் ஒதுங்குவதற்கென்று விட்டிருந்த குழிக்குள், மாவுக்கட்டுக் காலைக் கட்டிப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். தவழ்ந்து போயிருக்கிறார். இரண்டு முழங்கையிலும் தோலே இல்லை.

எங்கள் பின்னாலேயே வந்த ஒருவர் என்னைப் பார்த்து, “ஏ புள்ள, கால் முறிஞ்ச மனுசன இப்பிடியா விட்டுட்டு ஓடுவ?” என்றார். என் புருஷனைத் தூக்கி வந்த நாலு பேரில் ஒருவர்தான். எனக்கு முந்தி ஓடியவர். வேறு நாளாக இருந்தால் கிழித்திருப்பேன். அன்றைக்குக் குனிந்து, என் புருஷனின் முழங்கையில் ஒட்டியிருந்த சல்லியை எடுத்தேன்.

“அவளை ஒன்னும் சொல்லாதீங்க” என்றார் என் புருஷன். “புள்ளைய இழுத்துக்கிட்டு ஓடுன்னு நான்தான் கத்துனேன்.”

அவர் கத்தியது உண்மைதான். சுரங்கம் முழுக்கக் கேட்டது. அவர் கத்தியது என் பெயரை.