இடது கண்ணுக்கு ஒரு துப்பாக்கிக் கட்டை

சர்க்கரை வியாதி என் வலது கண்ணை எடுத்துக்கொண்டது. ஒரே நாளில் அல்ல. முதலில் முன்னால் போகும் லோரியின் நம்பர் மங்கியது, பிறகு லோரியே மங்கியது. இனி அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னபோது, நான் முதலில் நினைத்தது என் அன்னாசியைத்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் உண்மை.

ஜொகூர் மாநிலத்துப் பெக்கான் நானாஸில் மூன்று ஏக்கர் அன்னாசி வைத்திருக்கிறேன். எந்த வாரம் பழம் மஞ்சள் காட்டும் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் காட்டுப்பன்றிக்குத் தெரிந்துவிடும். சனியன், தின்றுவிட்டுப் போனாலாவது மனம் ஆறும். பத்துப் பழத்தைக் கடித்து எறிந்துவிட்டு ஒன்றைத்தான் தின்னும். அதனால் துப்பாக்கி உரிமம் உள்ள நாங்கள் ஐந்து பேர், ஞாயிறு காலைகளில் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பன்றி விரட்டுவோம். என்னுடையது பழைய ஒற்றைக் குழல் துப்பாக்கி. வலது தோளில் வைத்து வலது கண்ணால் குறி பார்த்தே இருபது வருஷம் ஓடிவிட்டது.

இடது தோளுக்கு மாற்றிக்கொள்ளலாமே என்றார்கள். சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்த காலத்தில் எல்லைப் பாலத்துக்கு முன்னால் விழுந்து உடைந்த தோள் அது. ஒரு வேட்டுக்கே உயிர் போய் வந்தது. குறி தெரியாதவன் கையில் துப்பாக்கி இருந்தால் பன்றிக்கு ஆபத்தில்லை, பக்கத்தில் நிற்கிற மனிதனுக்குத்தான் ஆபத்து. உரிமத்தைப் புதுப்பிக்கிற மாதம் வருவதற்குள் ஒரு வழி கிடைக்காவிட்டால் துப்பாக்கியை ஒப்படைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னதில் தப்பில்லை என்பதால் கூடுதலாக வந்தது.

அந்த வழி ஜொகூர் பாருவில் இருந்தது. அங்கே உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றின் பின்னறையில் தமிழ் முஸ்லிம் ஒருவர் வேலை செய்கிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். எல்லாரையும் போல நானும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவேன். துப்பாக்கியைத் தோளில் முட்டுக் கொடுக்கிற மரப்பகுதியை நாங்கள் கட்டை என்போம். அந்தக் கட்டையை ஆளுக்குத் தகுந்தபடி செதுக்குவதில் அவரைப் போல் ஒருவரை நான் பார்த்ததில்லை.

என் கதையை அவர் பாதியிலேயே நிறுத்தினார். கட்டையைப் பக்கவாட்டில் வளைத்துவிட்டால் அடிப்பாகம் வலது தோளில் இருக்கும், குழல் இடது கண்ணுக்கு நேராக வந்து நிற்கும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளிநாட்டில் சிலர் தோட்டாவையே தங்கள் இஷ்டத்துக்கு வடிவமைத்து, அதற்கென்று ஒரு துப்பாக்கியும் செய்துகொள்கிறார்களாம். இங்கே தோட்டாவில் கைவைத்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று சிரித்தார்.

“அவங்க தோட்டாவச் சுத்தித் துப்பாக்கி கட்டுறாங்க அண்ணே. நமக்கு அந்தச் சட்டம் இல்ல லா. நான் ஆளச் சுத்திக் கட்டுறேன்.”

பிறகு என் பழைய கட்டையைக் கையில் எடுத்தார். தடவினார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மரம் நன்றாகக் கறுத்து மினுங்குகிறதே, என்ன எண்ணெய் போடுகிறீர்கள் என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. வருஷத்தின் முதல் பன்றியை அறுத்ததும் அதன் கொழுப்பை உருக்கி எல்லாருடைய கட்டையிலும் பூசுவோம். மழைத் தண்ணீர் இறங்காது, ராசியும் கூட. அந்தக் கட்டையில் இருபது வருஷப் பன்றிக் கொழுப்பு ஊறியிருந்தது. அதைத்தான் பாய் கன்னத்தில் வைத்திருந்தார்.

“தேங்கா எண்ணெய்” என்றேன்.

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். உண்மையைச் சொன்னால் மனிதர் துப்பாக்கியை நீட்டி வெளியே போ என்பார், போனால் இன்னொரு ஆள் கிடையாது என்ற பயம். துப்பாக்கியைக் கடைப் பெட்டகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். சோறு இறங்கவில்லை. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பது எனக்குச் சரியாகத்தான் பலித்தது.

இரண்டு வாரம் கழித்து அளவு கொடுக்கப் போனேன். பாய் துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லை என்று இரண்டு முறை தானும் பார்த்து எனக்கும் காட்டினார். சுவரில் ஆளுயரக் கண்ணாடி. இரு கண்ணையும் மூடித் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டுக் கண்ணைத் திறக்கச் சொன்னார். கண்ணாடியில் குழல் முனைக்கு மேலே என் கெட்ட கண்தான் தெரிந்தது. இடது கண் அங்கே வந்து சேர எவ்வளவு வளைக்க வேண்டும் என்று என் கன்னம், கழுத்து, தோள் எல்லாவற்றையும் அளந்தார். தையற்காரர்கூட என்னை அப்படி அளந்ததில்லை. நேர் மரத்தை வளைவாக வெட்டினால் வேட்டு அதிர்ச்சியில் ஒடிந்துவிடுமாம். வளைந்தே வளர்ந்த மரம் வேண்டுமாம். சாலையோரம் புயலில் விழுந்த அங்சானா மரத்தின் ஒரு கவட்டைக் கிளையை மூன்று வருஷமாக உலர்த்தி வைத்திருந்தார். அதை எனக்காக எடுத்து வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து பாங்கு கேட்டது. தொழுதுவிட்டு வருகிறேன் அண்ணே என்று சொல்லி, கை கழுவக் குழாயைத் திறந்தார். என் கட்டை பட்ட கன்னம். என்னால் தாங்க முடியவில்லை.

“பாய், கொஞ்சம் நில்லுங்க. அது தேங்கா எண்ணெய் இல்ல. பன்னிக் கொழுப்பு.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசல் பக்கமிருந்த பூந்தொட்டியிலிருந்து கைப்பிடி மண் எடுத்துவந்து தண்ணீரில் குழைத்துக் கையையும் கன்னத்தையும் கழுவினார். பிறகு வெறும் தண்ணீரில் ஆறு முறை. பன்றி பட்ட இடத்தை மண்ணோடு சேர்த்து ஏழு முறை கழுவுவது அவர்கள் வழக்கமாம். ஒவ்வொரு முறையும் நானும் கூடவே எண்ணினேன். சட்டையை மாற்றிக்கொண்டு போய்த் தொழுதுவிட்டு வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

“தெரியாமத் தொட்டேன். அத அல்லா மன்னிப்பான். நீங்க தெரிஞ்சே பொய் சொன்னீங்க அண்ணே.”

பழைய கட்டையை என்னையே கழற்றச் சொன்னார், பொட்டலம் கட்டிக் கொண்டுபோகச் சொன்னார். இரும்புப் பகுதியைக் கழுவிக்கொள்வது தன் வேலை என்றார். கட்டை செய்வாரா மாட்டாரா என்று அவர் சொல்லவில்லை, கேட்க எனக்கும் முகமில்லை.

இரண்டு மாதம் போன் வரவில்லை. உரிமம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது வந்தது.

அன்றே போய்ப் புதுக் கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கவட்டையின் வரி, ஆறு திரும்புவதுபோலக் கட்டையின் வளைவோடு கூடவே திரும்பியிருந்தது. மரத்தில் எங்கும் ஒட்டு இல்லை, ஆணி இல்லை. அன்று தோளோடு சேர்ந்து உடைந்த என் மூக்குக்குக்கூட இடம் விட்டுச் செதுக்கியிருந்தார். கண்ணை மூடித் தோளில் வைத்துத் திறந்தேன். கண்ணாடியில், குழல் முனைக்கு மேலே, என் இடது கண் என்னைப் பார்த்தது. அடப்பாவி மனுஷா, கோபத்தோடு செய்த வேலையா இது என்று நினைத்துக்கொண்டேன். புறப்படும்போது மரத்துக்குப் பூசுகிற ஆளிவிதை எண்ணெயை ஒரு சின்னப் புட்டியில் கொடுத்தார். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷத்தின் முதல் பன்றி என் வேட்டில்தான் விழுந்தது. கூட்டத்தார் வழக்கம்போல் கொழுப்பை உருக்கிக்கொண்டு வந்தார்கள். என் கட்டையில் வேண்டாம் என்றேன். ராசி போய்விடும் என்றார்கள். பாய் மந்திரம் போட்டுவிட்டார் என்று கேலி செய்தார்கள். ஒருவன் விளையாட்டாகக் கையை நீட்ட, அவன் கையைத் தட்டிவிட்டேன். சட்டி கவிழ்ந்தது. மூன்று வாரம் அவன் என்னோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் கட்டையில் லேசாக ஆட்டம் கண்டது. ஜொகூர் பாருவுக்கு எடுத்துப் போனேன். இதில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை என்று சொல்வதற்கு வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டே போனேன். பொய் சொன்னவன் பேச்சை யார் நம்புவார்கள் என்ற பயம் வேறு.

பாய் துப்பாக்கியை வாங்கித் திறந்து, தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டையில் கன்னத்தை வைத்துவிட்டார்.

“திருகுதான் லூசா இருக்கு அண்ணே” என்றார்.