அம்மா வாங்காத மெடல்

தெருவில் சுண்ணாம்பு தெளிக்கிறார்கள். அந்த ஈர நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

ராயபுரத்து மைதானத்திலும் அன்று இதே நெடிதான். முதல் உலக யுத்தத்தில் பஸ்ரா பக்கம் நடந்த சண்டையில், குண்டடிபட்ட தன் பட்டாளத்து வெள்ளைக்காரத் துரையைத் தோளில் சுமந்து கரைசேர்த்துவிட்டுச் செத்துப்போன என் அண்ணன் முனுசாமிக்கு மெடல் கொடுத்தார்கள். பெரிய மனிதர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. புளியந்தோப்புச் சேரியிலிருந்து போன எங்களை ஒரு சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால் வெயிலில் நிற்கவைத்தார்கள்.

அண்ணன் பெயரைக் கூப்பிட்டதும் அம்மா கோட்டைத் தாண்டினாள். குமாஸ்தா ஓடிவந்து மறித்தார். "அங்கயே நில்லு. டவாலி கொண்டாந்து குடுப்பான்."

"எம்புள்ள தோள்மேல தூக்கினு போன தொர உசுரோட கீறாரு. அவரு மேல ஒட்டாத தீட்டு, நான் நாலடி நடந்தா இவுங்க மேல ஒட்டிக்குமா? உங்க மெடலே எனக்கு வாணாம்!" என்று அம்மா கத்தினாள்.

மேடையிலிருந்த வெள்ளைக்கார அதிகாரி, அவள் என்ன சொல்கிறாள் என்று விசாரித்தார். குமாஸ்தா குனிந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதிகாரி முகம் மலர்ந்து தலையாட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இன்னாய்யா சொன்ன?" என்றாள் அம்மா.

"நீ ரொம்ப சந்தோஷப்படறேன்னு சொன்னேன். போ."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள். அந்த அதிகாரியிடம் நிஜத்தைச் சொல்ல எங்கள் இருவருக்கும் இங்கிலீஷ் தெரியவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.