ஜோக்கருக்கு வைத்த எண்ணெய்ப் பொட்டு

மனைவி ஊருக்குப் போயிருந்தபோது அவளுடைய ஸ்கூட்டரைச் சீட்டாட்டத்தில் பக்கத்து வீட்டு அண்ணனிடம் தோற்றேன். அவள் திரும்புவதற்குள் மீட்காவிட்டால் என் கதை முடிந்தது. முந்திரி விளையும் ஜெயங்கொண்டத்து மூளை வேலை செய்தது. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயைக் குச்சியால் தொட்டு, ஜோக்கர்களின் முதுகில் பொட்டு வைத்தேன். அந்தக் கறை பழுப்புப் பூவேலையோடு கலந்து என் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தது.

அண்ணனை மறுபடி ஆட்டத்துக்கு உட்கார வைத்தேன். தோலைப் பொசுக்கும் எண்ணெய் என்பதை மறந்து, வழக்கம்போல எச்சில் தொட்டுச் சீட்டு எடுத்தேன். மூன்றாவது ஆட்டத்துக்குள் உதடு எரிந்து பணியாரமாக வீங்கியது. அண்ணன் என் வாயைப் பார்த்தார், சீட்டை முகர்ந்தார்.

"தெரியாம செஞ்சிட்டேண்ணே" என்று அழுதேன்.

"தெரிஞ்சவன் நக்குவானாடா? சாவியப் புடி, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. தங்கச்சிகிட்ட சொல்ல மாட்டேன்."

அவர் காட்டிக்கொடுத்திருந்தால் ஏதாவது பொய் சொல்லிச் சமாளித்திருப்பேன். காட்டிக்கொடுக்காததால், அவள் வந்ததும் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.