இரண்டாம் தடவையும் அதே பதில்

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்டுட்கார்ட்டில் ஒரு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். முழங்கால் சவ்வு கிழிந்தவர்களுக்குக் கொடுக்கும் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கியிருந்தோம். படி இறங்கினால் நோகிறதா, குந்தி எழும்பக் கஷ்டமா, இப்படியான கேள்விகள். தமிழில் அது சரிவருகிறதா என்று பார்க்க, ஒரே ஆள் சில வாரம் விட்டு இரண்டு தடவை நிரப்ப வேண்டும். முழங்கால் மாறாவிட்டால் பதிலும் மாறக்கூடாது. நான் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக்கூடாது. அது எனக்குப் பிறவியிலேயே வராத வேலை.

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வந்தார். உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். ஈரத் தரையில் வழுக்கி விழுந்திருந்தார். அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டு முடிவு வராமல் காத்திருந்தார். முதல் தடவை எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்றே புள்ளடி போட்டார். வேலை செய்ய ஏலாதவனை இந்த நாடு வைத்திருக்காது என்ற பயம்.

இரண்டாம் தடவை காலை இழுத்துக்கொண்டு வந்தார். முழங்கால் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. மறுபடியும் "இல்லை", "இல்லை". எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உண்மையைப் போடுங்கோ அண்ணை. நோகுதெண்டு தெரிஞ்சால்தான் ஒப்பரேசன் செய்வினம்."

"போன முறை சொன்னதை மாத்த ஏலாது அக்கா. என்ரை கூட்டாளி ரெண்டாம் விசாரணையிலை ஒரு திகதியை மாத்திச் சொன்னவன். பொய்யன் எண்டு எழுதிப்போட்டாங்கள். இப்ப திருப்பி அனுப்பப் போறாங்கள்."

"இது முழங்கால் அண்ணை. அசூலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

"கேக்கிறது ரெண்டு இடத்திலையும் ஜெர்மன்காரர்தானே."

அன்றே மருத்துவர் அவருடைய முழங்காலைப் பரிசோதித்தார். மடக்கியபோது அவர் கட்டிலின் விளிம்பை இறுக்கிப் பிடித்தார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் பொறுக்கமாட்டாமல், இவருக்கு நோகிறது, பயத்தில் மறைக்கிறார் என்று போட்டு உடைத்தேன். மருத்துவர் நல்ல மனுசன். என்னை விட்டுவிட்டு நோகிறதா என்று அவரையே நேராகக் கேட்டார்.

அவர் என்னை ஒருக்கால் முறைத்தார். பிறகு தனக்குத் தெரிந்த ஜெர்மனில், "கைன் புரொப்ளேம்", ஒரு பிரச்சினையும் இல்லை, என்றார்.

மருத்துவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு புள்ளடிகூட மாறவில்லை. தமிழ்த் தாள் நன்றாக வந்திருக்கிறது என்று என்னைப் பாராட்டினார். நாளாந்த வாழ்க்கைக்குத் தொந்தரவில்லையென்றால் வெட்டத் தேவையில்லை, பயிற்சி போதும் என்று எழுதினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

வெளியே அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டொக்டர் என்னவாம் அக்கா?"

"ஒப்பரேசன் இல்லையாம்."

"அதை விடுங்கோ. ரெண்டும் ஒத்துப்போச்சுதோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப பயமில்லை" என்று சிரித்தார்.