‘அறிவார்’ என்றொரு வினைமுற்று

பள்ளிக் காலத்தில் கணக்கில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கியவருக்கு, கணக்குத் தேர்வின் தலையெழுத்தையே திருத்தும் வேலை வாய்த்தது. அலுவலகத்தில் அவருக்கு இலக்கணக்கா என்று பெயர். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கணிதம், அறிவியல், தொழில்நுட்பத்தில் என்னென்ன கற்றிருக்க வேண்டும் என்று வல்லுநர் குழு பட்டியல் போடும். அதுதான் கற்றல் தரம். வினாத்தாள் அதிலிருந்து இம்மியும் விலகக் கூடாது. அந்தப் பட்டியலில் பிழை பார்த்து அச்சுக்கு அனுப்புவது அக்காவின் பொறுப்பு. இருபது வருடம் மொழிப்பாடம் நடத்தியவர். ஓர் ஒற்று மிகக் கூடாத இடத்தில் மிகுந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அன்று காலை, வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் கூடிய கூட்டத்தில் மாதிரித் தேர்வின் முடிவு வந்தது. பத்து மதிப்பெண் கொண்ட பதினான்காம் கேள்விக்கு, எழுதிய நானூறு பேரும் பூஜ்யம்.

"‘பை ஒரு விகிதமுறா எண் என நிறுவுக’," என்று அலுவலகத் தலைவர் வாசித்தார். "ஒருத்தன் மட்டும் ‘புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு’ன்னு எழுதியிருக்கான்."

"இத நிறுவ எனக்கே அரை நாள் ஆகும் சார்," என்றார் கணக்கு வாத்தியார்.

"அப்புறம் எதுக்குய்யா கேட்டீங்க?"

"தரத்துல ‘நிறுவுவார்’னு இருக்கே. குழு யோசிச்சுத்தான் வெச்சிருக்கும்னு..."

ஒவ்வொருவரும் மற்றவர் யோசித்திருப்பார் என்று நம்பித் தலையாட்டினார்கள். சிந்தனைத் திறனை உயர்த்தத்தான் அப்படி வைத்தது என்று அறிவியல் டீச்சர் விளக்கமே கொடுத்துவிட்டார்.

அக்காவுக்குத்தான் உண்மை தெரியும். குழு கொடுத்த மூலத்தில் இருந்தது ‘அறிவார்’. அதை ‘நிறுவுவார்’ ஆக்கியது அவர் கை. வாயைத் திறந்தால் வேலைக்கே உலை. மூடிக்கொண்டால், அடுத்த மாதம் தேர்வு எழுதப்போகிற அத்தனை பிள்ளைகளுக்கும் பத்து மதிப்பெண் அம்போ. அதில் ஒருத்தி அவர் பெற்ற மகள். கணக்கில் எப்போதும் தேறுவதே நூலிழையில்.

"சார், அது நான் மாத்துனது."

"நீங்களா? கணக்க மாத்துனீங்களா?"

"ஐயோ, கணக்க நான் தொடுவேனா? வார்த்தையத்தான் மாத்துனேன். வரிக்கு வரி ‘அறிவார்’, ‘அறிவார்’னே முடியுது சார். படிக்க ஒரே அலுப்பா இருந்துச்சு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். இதோ விழப்போகிறது வசவு என்று அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் தலைவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"வரிக்கு வரின்னா... மொத்தம் எத்தன எடத்துல?"

"நூத்திப் பதினேழு சார்."

தொழில்நுட்ப ஆசிரியர் துள்ளி எழுந்தார். "அதானே பார்த்தேன்! ‘செயற்கைக்கோள் ஏவுதலை நிகழ்த்துவார்’னு இருக்கு. பள்ளிக்கூட மைதானத்துல எப்படி ஏவச் சொல்றதுன்னு மூணு நாளா முழிச்சிட்டிருக்கேன்!"

அறிவியல் டீச்சர் தம் தாள்களை ஓசைப்படாமல் புரட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அவர் முகமும் வெளுத்தது.

தலைவர் பதினான்காம் கேள்வியைக் குறுக்கே அடித்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. இன்னும் நூத்திப் பதினாறு இருக்கு."