தனக்கோடி நின்று வாசித்த கிடார்

தனக்கோடிக்குப் பிடிவாதம் அதிகம் என்று ஸ்ரீராம்புரத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பதினாறு வயதில் அப்பா செத்ததும் மில்லுக்குள் நுழைந்து, தம்பியைப் படிக்க வைத்து, அவனுக்குக் கல்யாணமும் செய்து வைத்தவளிடம் பிடிவாதம் இல்லாமல் வேறென்ன இருக்கும்? அவளுக்கு அடுத்த மெஷினில் பதினோரு வருஷம் நின்றவள் நான், காந்தா. அவள் கிடார் வாங்கிய கதையை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கூடவே இருந்து பார்த்தவள் எழுதினால்தான் சரியாக இருக்கும். இதில் சில இடங்களில் நானும் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. அதையும் மறைக்கப் போவதில்லை.

எங்களுக்கு வைண்டிங் பிரிவில் வேலை. சின்னக் கண்டுகளில் வரும் நூலைப் பெரிய கோன்களில் சுற்ற வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். எட்டு மணி நேரமும் நின்றபடி செய்ய வேண்டும், நூல் அறுந்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் இரண்டு முனையையும் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். விரல் நுனிதான் எங்களுக்குச் சோறு போட்டது.

1958 தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், மில் ஆண்டு விழா ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வெல்ஃபேர் ஹாலில் ஆள் எடுத்தார்கள். அதை நடத்தியவர் ஒர்க்‌ஷாப் மேஸ்திரி ஜெயராமன். அவரே கிடார்காரரும். நாற்காலியில் உட்கார்ந்து, கிடாரை மடியில் படுக்க வைத்து, ஒரு இரும்புத் துண்டைத் தந்திமேல் இழுத்து வாசிப்பார். அந்தக் காலத்தில் ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வாசித்தார்கள். கேட்க உருக்கமாக இருக்கும், அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். பெண்கள் கோரஸ் பாடலாம் என்று அவர் அறிவித்ததும் தனக்கோடி எழுந்து, தனக்குக் கோரஸ் வேண்டாம், கிடார் வாசிக்கிறேன் என்றாள். அதுவும் மடியில் வைத்து இல்லையாம். ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸில் சட்டைக்காரர்கள், அதாவது ஆங்கிலோ இந்தியர்கள், வாசிப்பதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அதுபோலத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்று வாசிக்க வேண்டுமாம்.

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். ஜெயராமன் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

"ஏம்மா, பொம்பளைங்கன்னா ஒக்காந்து வாசிச்சாத்தானே அழகு?"

"நாள் பூரா நின்னுக்கினுதான் வேலை செய்றேன், மேஸ்திரி. அப்போ யாரும் அழகு பாக்கலியே. நின்னுக்கினே வாசிக்கிறேன்."

அவர் ஒரு நிபந்தனை போட்டார். கிடாரை அவளே வாங்க வேண்டும். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, கமிட்டிக்கு முன்னால், ஒரு முழுப் பாட்டை நடுவில் நிறுத்தாமல், அவள் சொன்னபடி நின்றே வாசிக்க வேண்டும். வாசித்தால் ஆர்க்கெஸ்ட்ராவில் இடம். இல்லாவிட்டால் இந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாது. நடக்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் அவ்வளவு தாராளமாகப் பேசினார். தனக்கோடி சரி என்றாள்.

அவள் தம்பி முனிகிருஷ்ணன் கார்ப்பரேஷன் ஆபீஸில் குமாஸ்தா. அக்கா கிடாரை மாட்டிக்கொண்டு மேடையில் நின்றால் ஆபீஸில் தலைகாட்ட முடியாது என்று குதித்தான். அந்தச் சாமான் இந்த வீட்டுக்குள் வந்தால், பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன் என்றும் சொன்னான். அவள் களி கிண்டுவதை நிறுத்தவே இல்லை.

"வாடகை ரசீது என் பேர்ல கீது, முனி. போறதுன்னா பாத்துப் போ."

அவன் கடைசிவரை போகவில்லை.

போனஸ் கைக்கு வந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். முதலில் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு பெரிய வாத்தியக் கடை. கண்ணாடிக்குள் கிடார்கள் பளபளவென்று தொங்கின. யாருக்கு என்று விற்பனைக்காரர் கேட்டார். எனக்குத்தான் என்றாள். அவர் கிடாரைக் கீழே இறக்கவே இல்லை. பெண்பிள்ளைகளுக்கு இதுதான் ஏற்றது என்று, பொத்தானை அமுக்கி வாசிக்கிற ஒரு புல்புல்தாராவைத் தூக்கி எதிரில் வைத்தார். அங்கிருந்த மலிவான கிடாரின் விலையே எங்களுடைய மூன்று மாதச் சம்பளம் என்பது வேறு விஷயம். இறக்கிக் காட்டினால் என்ன கொள்ளை போய்விடும்? எனக்குக் கோபத்தில் பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் என்றுகூட மறந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு சண்டே பஜார் போனோம். சீமைக்குக் கப்பலேறிப் போன சட்டைக்காரக் குடும்பங்களின் சாமான்கள் அங்கே தெருவில் விற்பனைக்குக் கிடக்கும். கோட்டு, கிராமபோன், குழந்தை வண்டி, எல்லாம். ஒரு பாயின் கடையில் கயிற்றில் ஐந்து கிடார் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

தனக்கோடி தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கிடாரின் கழுத்தை நீளவாக்கில் பார்த்தாள். மெஷினில் நூல் சுற்றுகிற இரும்புக் கதிர் வளைந்திருக்கிறதா என்று நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். வளைந்திருந்த இரண்டைத் தள்ளினாள். முறுக்காணிகளைத் திருகிப் பார்த்து, நிற்காமல் வழுக்கிய ஒன்றைத் தள்ளினாள். மீதி இரண்டின் பெட்டியையும் விரலால் தட்டி, விரிசல் இல்லை என்று தெரிந்துகொண்டாள். அதுவரைக்கும் ஒரு வாத்தியக்காரன்கூடக் குறை சொல்லமுடியாது. அந்த இரண்டில் ஒன்றில் தந்திகள் மரத்தை ஒட்டினாற்போல் தாழ்வாக ஓடின. மற்றதில் நன்றாக உயரத்தில், எதிலும் படாமல் ஓடின. எங்கள் பிரிவில் நூல் எதிலும் உரசக் கூடாது, உரசினால் பஞ்சு எழும்பி அறுந்துபோகும். ஆகவே தாழ்வாக இருந்தது பழுது என்று முடிவு கட்டி, உயரமாக இருந்ததை எடுத்தாள். நானும் ஆமாம் போட்டேன்.

பாய் தடுத்தார். "அது வேற மாதிரி கிடாரும்மா. இத்த எடுத்துக்கோ."

அவர் காட்டிய மற்றதற்கு விலை பத்து ரூபாய் கூட. அதனால் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நினைத்துவிட்டாள். நூலைப் பற்றித் தனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்று பட்டென்று சொன்னாள். அவர் அவள் கேட்டதையே கட்டிக் கொடுத்தார். கூட ஒரு பழைய புத்தகமும் கொடுத்தார். எந்த விரலை எங்கே அழுத்துவது என்று அதில் புள்ளி வைத்துப் படம் போட்டிருந்தது. நூல் பிழைப்பில் கெட்டிக்காரிகள் இரண்டு பேர், பட்டப்பகலில், பஜார் நடுவில், தப்பான கிடாரைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

தனக்கோடிக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் நூல் மூட்டைகளில் அடித்திருக்கும் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து ஏ, பி, சி தெரியும். புத்தகத்தில் ஸ்வரங்களுக்கு அந்த எழுத்துகள்தான் பெயர், அது போதுமாக இருந்தது. புத்தகத்தில் போட்டிருந்த சுருதிக்கு ஜெயராமனே கூட்டிக் கொடுத்தார், நல்ல கிடார் என்றும் சொன்னார். மெஷினில் கதிரைச் சுழற்றும் பருத்தி நாடாவை மடித்துத் தைத்து, தோள்வார் செய்துகொண்டாள். முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும், சாயங்காலம்வரை வீட்டு வாசலில் நின்று வாசிப்பாள். வாசிப்பாள் என்று சொல்வது தப்பு. அழுத்துவாள், சத்தம் வராது. இன்னும் அழுத்துவாள், கொர் என்று ஒரு சத்தம் வரும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, முனிகிருஷ்ணனிடம் போய் விசாரிப்பார்கள்.

மூன்றாவது வாரம் அவளுடைய இடது கை விரல் நுனிகள் நாலும் வெடித்துவிட்டன. துணி சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தாள். துணியோடு முடிச்சுப் போடமுடியாது. அவிழ்த்துப் போட்டதும் வெள்ளைக் கோனில் ரத்தக் கறை ஏறியது. சூப்பர்வைசர் இரண்டு கோனைக் கழித்து வைத்தார். இன்னொரு தடவை கறை பட்டால் மெஷினை விட்டு இறக்கி, கழிவுப் பஞ்சு பொறுக்க அனுப்பிவிடுவேன் என்றார். அதற்குப் பாதிச் சம்பளம்தான். அந்த வீடு ஓடியதே அவள் சம்பளத்தில்.

ஜெயராமன் விஷயத்தைக் கேள்விப்பட்டு அவள் வீட்டு வாசலுக்கே வந்தார். கிடாரை வாங்கித் தன் மடியில் படுக்க வைத்து, இரும்பை இழுத்தார். அத்தனை நாள் கொர் என்ற அதே கிடார் அவர் மடியில் தேனாய்ப் பாடியது. அவர் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. உட்கார்ந்து இப்படி வாசித்தால் விரல் வெடிக்காது, கோரஸ் பெண்களோடு சேர்த்து உட்கார வைக்கிறேன் என்று நல்லவிதமாகவே சொன்னார். கூடியிருந்தவர்கள் கிடாரில் குறை இல்லை, கையில்தான் குறை என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதை விற்றுத் தொலை என்று அவளிடம் வாய்விட்டும் சொன்னேன்.

அன்றைக்குத் தனக்கோடி அழுதாள். தண்ணீர்க் குழாயடியில், முகம் கழுவுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு அழுதாள். பதினோரு வருஷத்தில் நான் பார்த்த ஒரே அழுகை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பஜாருக்கு வரச் சொன்னாள். விற்கத்தான் போகிறாள் என்று நினைத்து, நல்ல விலை பேச நானும் தயாராகப் போனேன். அவள் விற்க வரவில்லை, சண்டை போட வந்திருந்தாள். விரலைக் கிழிக்கிற கிடாரை என் தலையில் கட்டிவிட்டாய் என்று ஆரம்பித்தாள். பாய் அன்றைக்கு அவர் சிபாரிசு செய்த அந்தத் தாழ்வான கிடாரை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தார். வெடித்த விரலை வைத்து லேசாக அழுத்தினாள். சுத்தமாக, டிங் என்று பேசியது.

அவள் முகம் போன போக்கை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு கிடாரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்துக் குனிந்து பார்த்தாள். நூல் எந்த இடத்தில் ஏறுகிறது, எந்த இடத்தில் இறங்குகிறது என்று தொடர்ந்து போய்ப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். கழுத்து முடிகிற இடத்தில், தந்திகள் முறுக்காணிக்குப் போகுமுன், ஒரு எலும்புத் துண்டின்மேல் உட்கார்ந்து போகின்றன. அவளுடைய கிடாரில் அந்த எலும்புக்கு மேலே ஒரு இரும்புத் துண்டு தொப்பி மாதிரி கவிழ்த்திருந்தது. மடியில் வைத்து வாசிக்கிறவர்கள் தந்தியைத் தூக்குவதற்காக மாட்டுவது அது. அவ்வளவுதான் விஷயம்.

"நான் அன்னிக்கே சொன்னேனேம்மா" என்றார் பாய்.

"நான்தான் கேக்கல பாய். தப்பு என்னுது" என்றாள் தனக்கோடி. தப்பு என்னுடையது என்று அவள் சொல்லி நான் கேட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அங்கேயே சாக்கின்மேல் உட்கார்ந்து, தந்திகளைத் தளர்த்தி, அந்த இரும்பைப் பிடுங்கிப் பாயிடமே கொடுத்துவிட்டாள். ஆறு தந்தியின் சத்தமும் அதற்குள் அவள் காதில் ஊறியிருந்தது. தானே முறுக்கிக் கூட்டிக்கொண்டாள். ஜெயராமனுக்கு அந்த இரும்பு தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதில்லை. கேட்டாலும் உண்மை வராது.

பொங்கலுக்குள் விரல் ஆறிக் காய்ப்பு ஏறிவிட்டது. கோனில் கறை படவில்லை. கமிட்டிக்கு முன்னால் ஒரு முழுப் பாட்டு, நடுவில் நிறுத்தாமல், நின்று வாசித்தாள். ஜெயராமன் வாக்கு வாக்குதான் என்று சொன்னார், அந்த மட்டில் மனுஷர். ஆனால் கமிட்டி பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆர்க்கெஸ்ட்ராவில் இடம் உண்டு, நிற்கவும் செய்யலாம். மேடை ஓரத்துத் திரைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். குடும்பங்கள் வருகிற இடமாம், பேச்சு வருமாம். தனக்கோடி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இவ்வளவு தூரம் வந்து மடங்கிவிட்டாளே என்று அவள்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை.

ஆண்டு விழா அன்று ஹால் நிரம்பி, ஜன்னலில் எல்லாம் ஆட்கள் தொத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வரிசையில் முனிகிருஷ்ணன், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. நான் கோரஸில், ஜெயராமனுடைய நாற்காலிக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். முதல் பாட்டு ஆரம்பித்தது. திரைக்குப் பின்னாலிருந்து கிடார் ஜம்மென்று தாளம் பிடித்து வந்தது. பல்லவி முடிந்து சரணம் தொடங்குகிற இடத்தில், கிடார்ச் சத்தம் நகர்வதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். தனக்கோடி வாசித்துக்கொண்டே திரையை விலக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள். மேடையின் நடுவுக்கு வந்து, விளக்குக்கு நேராக, வேலைக்கு நிற்கிற மாதிரியே காலை ஊன்றி நின்றாள்.

ஜெயராமனால் என்ன செய்ய முடியும்? பாட்டை நிறுத்தினால் விழாவே நின்றுபோகும். அவர் முகம் கறுத்தது, கை மட்டும் இரும்பை இழுத்துக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் பாடினேன். பாட்டு முடிந்ததும் பின்வரிசையில் எங்கள் வைண்டிங் பெண்கள் கைதட்ட ஆரம்பித்து, அது முன்வரிசைவரை வந்தது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே ஜெயராமன் பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளே போ என்றார். தனக்கோடி அவர் பக்கம் திரும்பினாள். முதல் வரிசைக் கமிட்டிக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அடுத்த பாட்டு என்னா சுருதி, மேஸ்திரி?"

அவர் சபையைப் பார்த்தார், கமிட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சுருதியைச் சொன்னார்.